நீ அனுப்பிய செக்குகளை நான் ஏன் போடவில்லை

ஓசூர், 2010

தம்பி,

போன வெள்ளிக்கிழமை உன் அம்மா பூனாவிலிருந்து போன் செய்தாள். கல்யாண மண்டபம் கிருஷ்ணகிரியில் முடிவாகிவிட்டது, பெண் வீட்டார் ஊத்தங்கரையிலிருந்து வர அதுதான் வசதி, அடுத்த வாரக் கடைசியில் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்கிறோம், உங்கள் பெயர்தான் முதலில் வருகிறது, மேடையில் அப்பாதான் நிற்க வேண்டும் என்று தம்பியே சொல்லிவிட்டான் என்றாள். மூன்று வருஷமாக என் குரலைக்கூடக் கேட்க விரும்பாத பிள்ளை என் பெயரைப் பத்திரிகையில் போடச் சொல்லியிருக்கிறான் என்றால் சும்மாவா? அப்புறம் அவள் கொஞ்சம் தயங்கிவிட்டு, "அவன் ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொன்னான். மாசா மாசம் அனுப்பற செக்கை ஏன் பாங்க்ல போட மாட்டேங்கறீங்க? இன்னும் வீம்பு போகலையான்னு கேக்கறான்" என்றாள். சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கடிதம். நேரில் சொல்லத் தைரியம் இல்லை, போனில் சொல்ல நாக்கு எழவில்லை, அதனால் எழுதுகிறேன். கடைசிவரை படித்த பிறகு என் பெயரைப் பத்திரிகையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று உனக்குத் தோன்றலாம். தோன்றினால் எடுத்துவிடு. அதற்கு உனக்கு நேரம் இருக்க வேண்டும் என்றுதான் அச்சுக்குப் போகும் முன்னால் கூரியரில் அனுப்புகிறேன். வாயை மூடிக்கொண்டு, பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்து, உன் மாமனாரோடு தாம்பூலம் மாற்றிக்கொண்டு, பந்தியில் நாலு பேரை விசாரித்துவிட்டுப் போயிருக்கலாம். வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு திரிந்தேன். வேட்டிகூட எடுத்துவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் வைத்த பிறகு அதைத் தொடக் கை கூசியது. பார்சலை இன்னும் பிரிக்கவில்லை.

இங்கே என் பிழைப்பு எப்படிப் போகிறது என்று உன் அம்மா சொல்லியிருப்பாள். அவளிடம் நான் சொல்வதில் பாதி பொய். நன்றாக இருக்கிறேன், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், பக்கத்து வீட்டார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பேன். சிப்காட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை, போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது. சனிக்கிழமை சாயங்காலம் கேட்டைத் தாண்டினால் திங்கட்கிழமை காலை வரை என்னோடு பேச ஓர் ஆள் கிடையாது. பக்கத்துப் போர்ஷனில் இருக்கும் தெலுங்குக்காரர்கள் நல்ல ஜனங்கள்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் குடும்பத்தோடு சொந்தக்காரர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். திங்கட்கிழமை காலையில் செக்யூரிட்டி வணக்கம் சொன்னால் என் தொண்டையிலிருந்து முதலில் காற்றுதான் வரும். செருமிக்கொண்டு இரண்டாம் தடவை சொல்வேன். ஒரு டம்ளர் அரிசி போட்டால் இரண்டு வேளைக்கு ஆகிறது. ரசம் வைக்கக்கூடக் கற்றுக்கொண்டேன், முதல் நாள் புளியைக் கரைக்காமல் உருண்டையாகவே போட்டேன். இதையெல்லாம் உன் மனசைக் கரைக்க எழுதவில்லை. நீ கேட்ட கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. நான் தனியாக இருந்தேன், தம்பி. ஒரு நாள்கூட அது எனக்குப் பழகவில்லை.

மாசம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள் உன் கவர் வந்துவிடும். கவரைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, உள்ளே விரல் விட்டுத் துழாவுவேன், ஒரு துண்டுச் சீட்டாவது இருக்காதா என்று. இருக்காது. செக் மட்டும்தான். என் பெயர், தொகை, இடது மூலையில் இரண்டு கோடு, கோடுகளுக்கு நடுவில் உன் கையால் எழுதிய 'அக்கவுண்ட் பேயீ'. இவ்வளவு கோபத்திலும் முறையாகக் கிராஸ் போட்டு அனுப்புகிறானே, பாதி வழியில் எவன் கையில் கிடைத்தாலும் அப்பனைத் தவிர யாரும் எடுக்க முடியாதபடி செய்திருக்கிறானே என்று நினைத்துக்கொள்வேன். இதுவரை இருபத்திரண்டு வந்திருக்கின்றன. செக்குக்கு ஆயுள் ஆறு மாசம், அதற்கு மேல் பாங்க்கில் கொடுத்தால் தேதி கடந்துவிட்டது என்று திருப்பிவிடுவார்கள். ஆக, முதலில் வந்த பதினாறும் இப்போது வெறும் காகிதம். மீதி ஆறுக்கு உயிர் இருக்கிறது. அத்தனையையும் பீரோவில் உன் பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட்டுகளோடு வைத்திருக்கிறேன்.

கல்யாணம் ஆகப் போகிறவனுக்கு அப்பன் நாலு புத்தி சொல்ல வேண்டும். எனக்குச் சொல்லத் தெரிந்தது செக் ஒன்றுதான். நான் பாங்க்கில் வேலை பார்த்தவன் இல்லை, செக்கால் அடிபட்டவன். முதல் அடி எப்போது தெரியுமா? கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஒரே ஒரு லேத் மெஷினோடு ஷெட் போட்ட புதிதில் முதல் பில்லுக்குச் செக் கொடுத்தார்கள். என் பெயர் போட்ட செக், அதைக் கொடுத்த பாங்க் ஓசூரிலேயே இருக்கிறது, நேரே போய்க் கவுண்டரில் நீட்டினேன். இது கிராஸ் செக், கையில் பணம் தர முடியாது, உங்கள் கணக்கில்தான் போட வேண்டும் என்றார் காசாளர். எனக்கு ஏது கணக்கு? "எம் பேருதான எழுதியிருக்குது, நாந்தான நிக்கறேன், அப்புறம் என்ன?" என்று சண்டைக்குப் போனேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அன்றைக்குப் பேரர் செக், ஆர்டர் செக், கிராஸ் செக் என்று மூன்றையும் அந்த மனிதர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். பேரர் என்றால் கையில் வைத்திருப்பவனுக்கே பணம், திருடன் கொண்டுபோய் நீட்டினாலும் கொடுத்துவிடுவார்கள். ஆர்டர் என்றால் பெயர் எழுதியவனுக்கு, அல்லது அவன் பின்னால் கையெழுத்துப் போட்டு யாருக்கு மாற்றித் தருகிறானோ அவனுக்கு. கிராஸ் என்றால் கணக்கு வழியாக மட்டும். வீட்டுச் செலவுக்குப் பணம் எடுக்க 'செல்ஃப்' என்று எழுதிக்கொண்டு நீயே போ, வேறு ஆளை அனுப்பாதே. யாருக்காவது செக் கொடுத்தால் இரண்டு கோடு போடாமல் கொடுக்காதே. அக்கவுண்ட் நம்பருக்காகக் கேட்டால் குறுக்கே 'கேன்சல்' என்று பெரிசாக எழுதிக் கொடு. உன் மனைவிக்கும் இதைச் சொல்லிக்கொடு, வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் அவர் வைத்ததுதான் சட்டம் ஆகிவிடும். நம் வீட்டில் அப்படித்தான் ஆனது.

வெளியூர் செக் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அதனால்தானே இத்தனையும். ஷெட் போட்ட மூன்றாம் வருஷத்திலிருந்து எனக்கு வேலை கொடுத்த கம்பெனிக்குத் தலைமை ஆபீஸ் பெங்களூரில். சரக்கை இங்கே ஓசூரில் வாங்கிக்கொள்வார்கள், செக் பெங்களூர் பாங்க் பெயரில் வரும். பஸ்ஸில் போனால் ஒரு மணி நேர ஊர், ஆனால் மாநிலம் வேறு, கிளியரிங் வேறு. ஓசூர் பாங்க்கில் போட்டால் வசூலுக்கு என்று தபாலில் அனுப்பிவைப்பார்கள், பணம் கணக்கில் ஏற இரண்டு வாரம் ஆகும், கமிஷனும் பிடிப்பார்கள். சனிக்கிழமை கூலி கொடுக்க வேண்டியவன் இரண்டு வாரம் எங்கே காத்திருப்பது? அதனால் எங்களைப் போல ஷெட் வைத்திருந்தவர்கள் பல பேர் எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். அங்கே போட்டால் மூன்றாம் நாள் பணம். கணக்குத் திறக்கக் கர்நாடக விலாசம் வேண்டும். எனக்கு இல்லை. உனக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைத்து நீ அத்திப்பள்ளியில் ரூம் எடுத்ததும் எனக்கு வழி கிடைத்துவிட்டது. உன் பெயரில் கணக்கு, உன் பெயரில் செக் புத்தகம், கம்பெனி செக்கையும் உன் பெயருக்கே எழுத வைத்தேன், தொழில் மட்டும் என்னுடையது.

அந்த ஞாயிற்றுக்கிழமைகள் உனக்கு நினைவிருக்கும். நீயும் மஞ்சுவும் சேர்ந்து வருவீர்கள். ஆனேக்கல் பக்கத்துக் கன்னடப் பையன், மாத்திரை கம்பெனியில் ஷிஃப்ட் வேலை, உன்னோடு ஒரே ரூம். உன் அம்மா அவனுக்கென்று தனியாகக் காரம் குறைத்துக் கறி எடுத்து வைப்பாள். சாப்பிட்டுக் கை கழுவியதும் நான் செக் புத்தகத்தை உன் முன்னால் வைப்பேன். வாரத்துக்கு எத்தனை தேவைப்படுமோ தெரியாது, ஐந்தாறு தாளில் கையெழுத்து மட்டும் போட்டு வைத்துவிட்டுப் போ என்பேன். பெயரும் தொகையும் நான் எழுதிக்கொள்வேன். கம்பெனி கொடுத்த செக்குகளை மஞ்சு பையில் போட்டுக்கொண்டு போய்த் திங்கட்கிழமை பாங்க்கில் கட்டுவான். ஒரு நாள் உன் அம்மா, "வெத்து செக்குல கையெழுத்து வாங்காதீங்க. அவன் புள்ள, உங்க பேனா இல்ல" என்றாள். பெற்ற அப்பனிடம் என்ன பயம் என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். நீ அடுத்த தாளிலும் கையெழுத்துப் போட்டாய். வெற்றுச் செக் கொடுப்பவன் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை, வாங்குகிறவன் மேல்தான் கோபம். நாளைக்கு உனக்குப் பிறக்கும் பிள்ளையிடம் நீ அப்படி வாங்காதே.

பின் தேதி செக் நடந்த கதை உனக்குத் தெரியும், ஆனாலும் என் வாயால் நீ கேட்டதில்லை. குருபரப்பள்ளிப் பக்கம் கோடவுன் வைத்திருந்த இரும்புக்காரரிடம் கம்பி வாங்கிவிட்டு, ஒரு மாசம் தள்ளித் தேதி போட்டு உன் செக்கைக் கொடுத்தேன். போடுவதற்கு முன்னால் ஒரு போன் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். எல்லோரும் அப்படித்தான் சொல்வோம், அவர்களும் சரி என்பார்கள். அந்த மாசம் பார்த்து நான் கடைந்து அனுப்பிய புஷ் வளையங்கள் ஒரு லாட் முழுக்கத் துளை மயிரிழை பெரிசாகித் திரும்பி வந்தது. கம்பெனி பணத்தை நிறுத்திவைத்தது. தேதி வந்தது. பத்து நாள் பொறுங்கள் என்று இரும்புக்காரரிடம் போய்க் கேட்டேன், பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் சரி என்றுதானே அர்த்தம் என்று நான் திரும்பி வந்துவிட்டேன். செக்கில் எழுதிய தேதிக்கு மேல் எந்த வாய்ப்பேச்சும் நிற்காது, தம்பி. மறுநாளே போட்டுவிட்டார். உன் கணக்கில் பணம் இல்லை என்று செக் திரும்பியது.

இதுவரை உனக்குத் தெரிந்த கதை. நொடித்துப்போன அப்பன், பிள்ளையின் செக்கைக் கொடுத்து மாட்டிவிட்டான், பிள்ளை மேல் கேஸ் வந்தது, ஜெர்மனிக்குப் பயிற்சிக்குப் போக வேண்டியவன் பாஸ்போர்ட் விசாரணையில் நின்றுவிட்டான், அவன் இடத்தில் வேறொருவன் விமானம் ஏறினான். இதற்காக நீ என்னைக் கோபித்தாய். அது நியாயம். மூன்று வருஷத்தில் உனக்கு மனசு ஆறி, சரி, தொழிலில் அப்பாவுக்குக் கணக்குத் தப்பிவிட்டது என்று மன்னித்தும்விட்டாய். ஆனால் நீ மன்னித்தது நான் செய்ததில் சின்னதை. பெரியதை உனக்கு யாரும் சொல்லவில்லை.

செக் திரும்பிய வாரம் இரும்புக்காரரின் குமாஸ்தா எனக்குப் போன் செய்தார். வக்கீல் நோட்டீஸ் ரிஜிஸ்டர் தபாலில் உன் ரூம் விலாசத்துக்குப் போயிருக்கிறது, கிடைத்த பதினைந்து நாளுக்குள் பணம் கட்டிவிட்டால் கேஸ் வராது என்றார். உனக்கு அந்த வாரம்தான் ஜெர்மனிக்கு ஆள் எடுக்கும் இன்டர்வியூ. நான் மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அத்திப்பள்ளிக்கு வந்தேன். நீ வேலைக்குப் போய்விட்டாய், மஞ்சு காலை ஷிஃப்ட். மாடிக்குப் போகும் படிக்கட்டில் உட்கார்ந்தேன். தபால்காரர் வரவில்லை. மஞ்சு வரும் நேரத்துக்கு முன்னால் எழுந்து போய்விட்டேன். அடுத்த நாளும் வந்தேன், வரவில்லை. மூன்றாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு வந்தார். உன் பெயரைச் சொல்லி நீங்கள்தானா என்று கன்னடத்தில் கேட்டார். ஹௌது, ஆமாம் என்றேன். ரசீது அட்டையில் உன் பெயரை நானே கையெழுத்தாகப் போட்டுக் கவரை வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது அதைப் பிரிக்கக்கூட இல்லை.

உன் இன்டர்வியூ கெடக் கூடாது, பத்து நாளில் கம்பெனிப் பணம் வந்துவிடும், சத்தமில்லாமல் கட்டிவிடலாம், உனக்குத் தெரியவே வேண்டாம். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். உன் முன்னால் வந்து, தம்பி, உன் கையெழுத்தை நான் கெடுத்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் விஷயம். நீ அந்த நோட்டீஸை அன்றைக்கே பார்த்திருந்தால் உன் ஆபீஸில் கடன் கேட்டாவது பதினைந்து நாளுக்குள் கட்டியிருப்பாய். கேஸே வந்திருக்காது. கம்பெனிப் பணம் பத்து நாளில் வரவில்லை, நாற்பது நாள் கழித்து, அதுவும் பாதிதான் வந்தது. அதற்குள் கோர்ட் சம்மன் உன் கைக்கு வந்துவிட்டது. செக் திரும்பியதால் உன் ஜெர்மனி வாய்ப்பு கைவிட்டுப் போகவில்லை. நான் நோட்டீஸை ஒளித்ததால் போனது.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கை வர மாட்டேன் என்கிறது. வக்கீலிடம் நோட்டீஸே வரவில்லை என்று நீ சொன்னதும், அவர் ரசீது அட்டையின் நகலைக் காட்டினார். உன் பெயர், ஆனால் உன் கையெழுத்து இல்லை. அந்த ரூமில் இருந்த இன்னொருவன் மஞ்சு. அந்த ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வைத்தே அவனைக் கேட்டாய். தூக்கக் கலக்கத்தில் என் பெயரைக் கிறுக்கி வாங்கி எங்கே போட்டாய் என்று கத்தினாய். அவன் உன்னைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். ஒரே ஒரு தடவை. நான் குனிந்து சோற்றைப் பிசைந்தேன். "இருக்கலாம்டா. தூக்கத்துல வாங்கி எங்கனா வெச்சிருப்பேன். ஞாபகம் இல்ல" என்றான். நீ அவனை எழுந்து போகச் சொன்னாய். அவன் தட்டைக் கொண்டுபோய்க் கழுவி வைத்துவிட்டுப் போனான். உன் அம்மா வாசல் வரை பின்னாலேயே போனாள். நான் எழுந்திருக்கவில்லை. அன்றைக்குச் சாப்பாட்டை முழுக்கச் சாப்பிட்டேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

லேத்தை விற்றுப் பணம் கட்டினேன், கேஸை வாபஸ் வாங்கினார்கள், நீ பூனாவில் வேலை தேடிக்கொண்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனாய். ஷெட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்த அன்றே சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு மாசமும் உன் கவர் வரும்போது சொல்லியிருக்கலாம். இப்போது உன் கேள்விக்குப் பதில். நீ அந்தச் செக்குகளை அனுப்பியது தொழிலில் தவறிப்போன ஓர் அப்பனுக்கு. அந்த ஆள் பாவம், அவனுக்குச் சோறு போட வேண்டியது பிள்ளையின் கடமைதான். ஆனால் அவன் நான் இல்லை. என் பெயர் எழுதியிருந்தாலும் அது எனக்கு வந்த செக் இல்லை என்று எனக்குத் தெரியும். அதை என் கணக்கில் போட்டுச் சாப்பிட்டால் உன்னை இரண்டாம் தடவை ஏமாற்றியது போல ஆகும். திருப்பி அனுப்பவும் மனசு வரவில்லை, அனுப்பினால் அடுத்த மாசம் கவர் வராதே என்று பயம். என் வீட்டுக்கு வேறு யார் தபால் போடுகிறார்கள்? வீம்பு என்று நீ நினைத்தது இதுதான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை அத்திப்பள்ளிக்குப் போனேன். உன்னிடம் சொல்வதற்கு முன்னால் அவனிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. மஞ்சு அதே வீட்டில், அதே மாடியில்தான் இருக்கிறான். கல்யாணம் ஆகிவிட்டது, கைக்குழந்தை, பெண். கீழே வீட்டுக்கார அம்மா துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், என்னங்க, மறுபடியும் படிக்கட்டில் உட்காரவா வந்தீர்கள், அன்றைக்கு மூன்று நாள் உட்கார்ந்திருந்தீர்களே என்று கன்னடத்தில் சாதாரணமாகக் கேட்டாள். யாரும் பார்க்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் அந்த அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். இதை யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டேன். அன்றைக்கே மஞ்சுவிடம் சொன்னேனே என்றாள்.

அவன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கி வந்தான். நான் சொல்ல ஆரம்பித்ததும், தெரியும் அங்கிள் என்றான். தெரிந்துமா அன்றைக்கு நீ ஒப்புக்கொண்டாய், ஏனப்பா என்று கேட்டேன். "அன்னிக்கு அவன் இருந்த கோவத்துக்கு உங்க பேர் சொல்லியிருந்தா, செத்தாலும் உங்க மூஞ்சில முழிச்சிருக்க மாட்டான் அங்கிள். நான் யாரு, ரூம்மேட்டுதானே. என்னை விட்டா விடட்டும்னு நெனச்சேன்" என்றான். வீட்டுக்கார அம்மாவையும் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவன்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஹோக்லி பிடி, போனது போகட்டும் என்றான். உனக்குக் கல்யாணம் என்றதும் அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஆனால் இப்போது எதையும் சொல்லாதீர்கள், கல்யாணம் நல்லபடியாக முடியட்டும், பிறகு ஒரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். அவனுக்காகச் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். பஸ் ஏறியதும் என் மனசு மாறிவிட்டது. எனக்காக இந்தப் பையன் இன்னும் எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருப்பான்?

ஆகையால் எழுதிவிட்டேன். என்னைப் பற்றி நீ எந்த முடிவு எடுத்தாலும் உன் அம்மா மேல் கோபப்படாதே, அவளுக்கு இதில் ஒரு வார்த்தை தெரியாது. இந்தக் கடிதத்தை அவளிடம் நீயே படித்துக் காட்டு. மேடையில் நான் இல்லையென்றால் உறவுக்காரர்கள் கேட்பார்கள், அவருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடு. அதையும் பொய்யாகச் சொல்ல வைக்கிறேனே என்று வருத்தம்தான். வரலாம் என்று சொன்னால் வருவேன். பின் வரிசை நாற்காலியில் உட்காரச் சொன்னாலும் வருவேன். வர வேண்டாம் என்றால் அன்றைக்கு லீவு போட மாட்டேன், வீட்டில் இருந்தால் நான் தாங்க மாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். என்னைப் பற்றி யோசிக்க உனக்கு நாள் ஆகட்டும். மஞ்சுவுக்கு இன்றைக்கே போன் செய். நம்பரைத் தேட வேண்டாம், உன்னிடம் இருந்த பழைய நம்பர்தான். கம்பெனியில் அவனுக்கு வேறு சிம் கொடுத்துவிட்டார்கள். பழையதை ஏனப்பா இன்னும் காசு போட்டு வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். அவன் குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு சொன்னான்: "அவனுக்கு இந்த நம்பர்தான் தெரியும், அங்கிள்."

அப்பா